கை விழுந்துருச்சு

எங்கள் வீட்டில் ‘கை விழுந்துருச்சு’ என்றால் கோச்சி, அதாவது ரயில், வருகிறது என்று அர்த்தம். மற்ற வீடுகளில் அதற்கு வேறு அர்த்தம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பக்கவாதம் வந்து ஒருவருக்குக் கை விளங்காமல் போனால் தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் அதையேதான் சொல்வார்கள். ஆனால் தண்டவாளத்தின் ஓரத்தில் குடியிருக்கிறவனுக்குக் கை என்றால் முதலில் கைகாட்டிதான். இரும்புக் கம்பத்தின் உச்சியில், வெள்ளைப் பட்டை போட்ட சிவப்புத் தகடு. அது நேராக நீட்டிக்கொண்டிருந்தால் கோச்சி நிற்க வேண்டும், சாய்ந்து விழுந்தால் உள்ளே வரலாம். ஸ்டேஷன்காரர்கள் சிக்னல் என்பார்கள். எங்களுக்கு அது கை.

இதை மகள் வாங்கித் தந்த போனில் இடது கை விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி எழுதுகிறேன். வலது கை மடியில் கிடக்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பொறுக்க முடியாதவர்கள் படிக்க வேண்டாம்.

வீடு அப்புத்தளைக்கும் தியத்தலாவைக்கும் நடுவில் இருக்கிறது. பின்னால் லீக்ஸ் பாத்தி, அது முடிகிற இடத்தில் முள்வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். கொஞ்சம் தள்ளி வளைவில் கைகாட்டி நிற்கிறது. ஸ்டேஷனில் லீவரை இழுத்தால் கைகாட்டிக்குப் போகும் கம்பி எங்கள் வேலியோரப் புல்லுக்குள் சின்னச் சின்ன உருளைகளின் மேல் ஓடும். முதலில் புல் அசையும். கம்பியில் பிடித்திருக்கும் பனித்தண்ணீர் உதிரும். அப்புறம்தான் மேலே ‘டங்’ என்று கை விழும். மூட்டம் போட்டு எதிரே இருக்கும் ஆளே தெரியாத நாளிலும் கம்பி ஓடுகிற சத்தத்தை வைத்துச் சொல்லிவிடலாம். பாசஞ்சர் கோச்சிகளுக்கு ஒரு நேரம் உண்டு. பிந்தினாலும் எவ்வளவு பிந்தும் என்பது எங்களுக்குத் தெரியும். நேரங்கெட்ட நேரத்தில் கை விழுந்தால் அது சாமான் கோச்சி. நான் சாப்பாட்டை விட்டு எழுந்து ஓடுவது அதற்கு மட்டும்தான்.

நான் ஒரு தோட்டத்தின் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பெட்டி அனுப்பும் கிளாக்கராக இருந்தேன். அப்பாவும் அம்மாவும் அதே தோட்டத்தில் மலையில் வேலை செய்தவர்கள். தேயிலைப் பெட்டிகளுக்குத் தோட்டத்தின் அடையாளம் குத்தி, லொறியில் ஏற்றி, ஸ்டேஷன் குட்செட்டில் இறக்கி, கோச்சியில் ஏறும்வரை பார்ப்பது என் வேலை. ஒரு தடவை கொழும்பில் பெட்டிகள் நனைந்து போய்ச் சேர்ந்ததாகப் புகார் வந்தது. தோட்டத்தை நடத்தும் துரை என்னைக் கூப்பிட்டு, காய்ந்த பெட்டியைத்தான் ஏற்றினாய் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை. எரிச்சலோடு வெளியே வந்தேன்.

இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன குடும்பங்கள் தாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்த காலம் அது. ஒருவர் அம்மியை விற்றார், ஒருவர் கேமராவை விற்றார். நான் கேமராவை வாங்கினேன். அம்மியை வாங்கியிருந்தால் பின்னால் வீட்டில் பாதிச் சண்டை வந்திருக்காது.

ஆக, நான் படமெடுக்கத் தொடங்கியது அழகுக்காக இல்லை, பழி வராமல் இருக்கத்தான். முதல் சுருளைப் பதுளையில் ஒரு ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்தேன். பெட்டிகள் கலங்கலாக விழுந்திருந்தன. நனைந்ததா காய்ந்ததா என்று கடவுளுக்கே தெரியாது. ஆனால் ஒரு படத்தில், சாமான் ஏற்றும் வாகனுக்குப் பின்னால், கைகாட்டி ஊசியில் கீறியது மாதிரி தெளிவாக நின்றது. கை விழுந்திருந்தது. எனக்கு அது பிடித்துப்போனது. ஏன் என்று அன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு கிளம்பிவிடுவேன். ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, மேலே இதல்கஸ்ஹின்ன வரைக்கும் போயிருக்கிறேன். பதுளையில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அங்கே மடுல்சீமைப் பக்கத்துப் பெட்டிகள் லொறியில் மலையிறங்கி வந்து குட்செட்டில் குவிந்து கிடக்கும். உர மூட்டை, மாவு மூட்டை, சீமெந்து, எண்ணெய் டேங்கி, கடைசியில் கார்ட் உட்காரும் பெட்டி. எல்லாவற்றையும் எடுத்தேன். கைகாட்டிகளில் எத்தனை சாதி இருக்கிறது என்று அப்போதுதான் கண்டேன். ஏணி வைத்த கம்பம், பின்னல் இரும்புக் கம்பம், உச்சியில் வேல் மாதிரி கூர் வைத்த கம்பம். ஒரு ஸ்டேஷனில் பச்சைக் கண்ணாடி உடைந்து, புதுக் கண்ணாடி வரும்வரை ஒரு போத்தலின் அடியை வெட்டிப் பொருத்தியிருந்தார்கள். அதைப் படமெடுக்க ஏணியில் பாதிவரை ஏறி, விளக்கேற்ற வந்தவரிடம் நல்ல ஏச்சு வாங்கினேன்.

பாசஞ்சர் கோச்சியை நான் எடுப்பதில்லை. கேமராவைக் கண்டதும் சன்னல் சன்னலாகத் தலையை நீட்டிக் கையாட்டுவார்கள். முன்பின் தெரியாதவர்கள் என்னைப் பார்த்து எதற்குச் சிரிக்க வேண்டும்? சாமான் கோச்சியில் அந்தத் தொல்லை இல்லை. அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும். ஸ்டுடியோக்காரர் ஒவ்வொரு முறையும் படங்களை உறையில் போட்டுத் தரும்போது, “என்னங்க கிளாக்கரையா, ஒரு மனுச மூஞ்சி கூட இல்லையே” என்று கேட்பார். அவருக்கு நான் வாடிக்கைக்காரன் என்பதைவிட ஒரு நோயாளி என்ற எண்ணம்தான் இருந்திருக்க வேண்டும்.

என் மனைவி கொஸ்லந்தைப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் இடத்தில் வேலை செய்தவள். கொஸ்லந்தையில் கோச்சி கிடையாது. கைகாட்டியை அவள் கண்டதும் கிடையாது. இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கொல்லையில் கம்பி ஓடும் சத்தம் கேட்டது. நான் தட்டைத் தள்ளிவிட்டு, “கை விழுந்துருச்சு!” என்று கத்திக்கொண்டு கேமராவோடு பின்பக்கம் ஓடினேன்.

அவளும் அகப்பையோடு என் பின்னால் ஓடிவந்தாள். “ஐயோ, யாருக்கு? மாமிக்கா? யாருக்குன்னு சொல்லிட்டு ஓடுங்களேன்!” என்று அழுகிறாள். என் அம்மா அப்போது தோட்டத்து லயத்தில் உடம்பு சரியில்லாமல் இருந்தாள். நான் வேலியில் கேமராவை ஊன்றிப் பிடித்துக்கொண்டு, “கோச்சிக்கு” என்றேன். சாமான் கோச்சி எங்களைக் கடந்து போனது. கார்ட் பெட்டியில் நின்ற மனிதர் அகப்பையும் கண்ணீருமாக நின்ற புதுப்பெண்ணைப் பார்த்துப் பச்சைக் கொடியை ஆட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. பிறகு எப்போது அது விளையாட்டாக மாறியது என்று நினைவில்லை. நான் “கை விழுந்துருச்சு” என்பேன். அவள் அடுப்படியிலிருந்து “யாருக்கு?” என்பாள். நான் “கோச்சிக்கு” என்று சொல்லிக்கொண்டே ஓடுவேன். சில நாள் அவளே முதலில் கம்பி ஓடுவதைக் கேட்டு, “கை விழுந்துருச்சு!” என்று கத்துவாள். நான் “யாருக்கு?” என்பேன். “ஒங்க சக்களத்திக்கு” என்பாள். கேமராவைத்தான் சக்களத்தி என்கிறாளா, கோச்சியையா என்று நான் கேட்டதில்லை. எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாமல் போன நாட்களிலும் இந்த இரண்டு சொல் மட்டும் நிற்காது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் “யாருக்கு?” என்பாள், ஆனால் சொல்லாமல் இருக்க மாட்டாள்.

கேமராவை அவளுக்குப் பிடிக்காது. அதை மறைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. சோறு ஆறிப்போகிறது, விருந்தாளி வந்திருக்கும்போது வீட்டுக்காரன் வேலியில் தொங்குகிறான், பிள்ளையின் பிறந்தநாளுக்கு வைத்திருந்த பிலிமில் எண்ணெய் டேங்கி விழுந்திருக்கிறது. அவள் சொன்ன ஒவ்வொரு குற்றமும் உண்மை.

சண்டைக்காலத்தில் இந்தப் பழக்கம் ஒரு நாள் வினையாக வந்தது. ஒரு தமிழன் கேமராவோடு சிக்னலைப் படமெடுத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்றவர்கள் என்னைப் பிடித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் சிங்களவர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மே மினிஹா கோச்சி பிஸ்ஸெக்” என்றார். இந்த ஆள் ஒரு கோச்சிப் பைத்தியம் என்று பொருள். எல்லாரும் சிரித்தார்கள். பிலிமை மட்டும் வெளியே இழுத்து வெயிலில் காட்டிவிட்டுக் கேமராவைத் திருப்பித் தந்தார்கள். அதற்குப் பிறகு எந்த ஸ்டேஷனிலும் எனக்கு அந்தப் பட்டம்தான் அடையாள அட்டை. வீட்டுக்கு வந்து சொன்னபோது, “நான் பைத்தியம்னு சொன்னா ஒங்களுக்குக் கோவம் வருது, அவரு சொன்னா ஒங்கள விட்டுர்றாங்க பாத்தீங்களா” என்றாள் மனைவி. சொல்லிவிட்டுப் பகலிலேயே வாசல் கதவைத் தாழ் போட்டாள்.

பிறகு தேயிலை கடதாசிச் சாக்குகளுக்கு மாறி, லொறியிலேயே நேராகக் கொழும்புக்குப் போகத் தொடங்கியது. அனுப்பியவன் நான்தான். லொறியால் எனக்கு வேலை குறைந்தது, புகாரும் குறைந்தது. அதற்காக நான் அழுததாகக் கதை கட்டினால் பொய். சாமான் கோச்சி வாரத்துக்கு ஒன்றாகி, மாதத்துக்கு ஒன்றாகி, கடைசியாக எது வந்தது என்று தெரியாமலேயே நின்றுபோனது. தெரிந்திருந்தால் அதை நன்றாக எடுத்திருப்பேன். கேமராவில் ஒரு சுருள் பாதியில் நின்றது. மனைவி அதை ஒரு பழைய வேட்டித் துண்டில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தாள். நான் ஓய்வுபெற்று லீக்ஸ் பாத்தியைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். கை பாசஞ்சர் கோச்சிகளுக்கு மட்டும் விழுந்தது. கதவில் தொங்கிக்கொண்டு போகும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் எங்கள் வேலியைப் பார்த்துக் கையாட்டினார்கள். நான் களை பிடுங்கினேன். ‘யாருக்கு?’ என்று கேட்க வீட்டில் வேலை இல்லாமல் போனது. வருடக் கணக்கில் அப்படியே ஓடியது.

போன வருடம் ஒரு முற்பகல். மூட்டம் வேலிவரைக்கும் இறங்கியிருந்தது. கைகாட்டி இருக்கிற இடம்கூடத் தெரியவில்லை. பாத்தி மண்ணை முள்ளால், அதாவது பல் வைத்த மண்வெட்டியால், கிளறிக்கொண்டிருந்தேன். முள் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தேன். விரல்கள் முள்ளின் காம்பு வரைக்கும் போயின, ஆனால் பிடிக்கவில்லை. மறுபடி பார்த்தேன். அப்புறம் கை தோளிலிருந்தே தொங்கிவிட்டது. துணி துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பயம் வரவில்லை. இது என்ன என்பது எனக்குத் தெரியும், என் அம்மாவுக்கும் கடைசியில் இதேதான் வந்தது. தெரிந்ததைத் தெரிந்த வார்த்தையில் வீட்டுப்பக்கம் பார்த்துச் சொன்னேன்.

“கை விழுந்துருச்சு.”

குரல் தடித்து, வேறு யாரோ பேசுகிற மாதிரி வந்தது. அடுப்படியில் ஏதோ ஏனம் விழுந்தது. நான் காத்திருந்தேன். அவள் ‘யாருக்கு?’ என்று கேட்பாள். நான் ‘எனக்கு’ என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்கு வாயைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் கேட்கவில்லை. அலுமாரிக் கதவு கிறீச்சிட்டது. பிறகு மாவு ஒட்டிய கையோடு, வேட்டித் துண்டை அவிழ்த்துக்கொண்டே, கேமராவோடு ஓடிவந்தாள். அந்தக் கேமராவைத் தொடும்போது அவள் முகத்தில் சிரிப்பை நான் அதற்கு முன்னால் கண்டதே கிடையாது. வாரை என் கழுத்தில் மாட்டி, “இந்தாங்க, எந்திரிங்க, போயிரப் போவுது!” என்றாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலிக்குப் போய், முள் குத்தாமல் சேலையைப் பிடித்துக்கொண்டு, எம்பி எம்பி வளைவுப் பக்கம் பார்த்தாள். மூட்டத்தில் அவளுக்கு எதுவும் தெரிந்திருக்காது. நான் பேசப் பார்த்தேன். சொல் வாய்க்குள்ளேயே கிடந்தது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று சொல்ல முடியாது. “சத்தத்தையே காணோமே” என்று சொல்லிக்கொண்டு திரும்பினாள். என் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்ததைப் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்தவர்கள் ஓடிவந்தார்கள். என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டுத் தியத்தலாவைக்கும், அங்கிருந்து அம்புலன்ஸில் பதுளைக்கும் கொண்டுபோனார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு தாதி கழற்றும்வரைக்கும் கேமரா என் கழுத்திலேயே கிடந்தது.

டாக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இளவயது. என் மனைவியைப் பார்த்து, “எப்ப அம்மா கை விழுந்தது?” என்று கேட்டார்.

“விழுகலீங்க டாக்டர். கோச்சியே வரல” என்றாள் அவள்.

“அம்மா, நான் கோச்சியைக் கேக்கேல்லை. இவரின்ரை கையைக் கேக்கிறன்.”

அப்போதுதான் அவள் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வீட்டு விஷயத்தைப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

டாக்டர் தினமும் வந்து ஒரு ஊசி நுனியால் விரல் விரலாகத் தொட்டு, “தெரியுதோ?” என்பார். தெரியவில்லை. மகள் கொழும்பிலிருந்து வந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு ஆறுதலாக ஏதாவது தோன்றும் என்று பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கோபம் மட்டும் சுகமாக இருந்தது. கஞ்சி சூடாக இருந்தால் கோபம், ஆறியிருந்தால் கோபம். நாங்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டர் என் மனைவியைத் தனியாக, ஆனால் என் காதுக்கு எட்டும் தூரத்தில், கூப்பிட்டு, “நீங்கள் வேலியடியிலை நிண்ட நேரத்தாலை ஒண்டும் மாறேல்லை அம்மா. அதை யோசிக்காதையுங்கோ. உங்கடை வீடு தூரம், அதுதான்” என்று சொன்னார். நல்ல பிள்ளை. ஆனால் அவள் அதை நம்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவள் கதையைச் சொல்லத் தொடங்கினாள். “கை விழுந்துருச்சுன்னு சொன்னாருங்க. நான் ஒரு கிறுக்கி, கேமராவத் தூக்கிட்டு வந்து கழுத்துல மாட்டுனேன். மனுசன் ஒக்காந்துருக்காரு, நான் கோச்சி பாத்துக்கிட்டு நிக்கிறேன்.” சொல்லி முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைப்பாள். வந்தவர்கள் ‘நீ என்ன செய்வ, விதி’ என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னைப் பார்க்க வந்தவர்களுக்கு அவள் அழுதுகாட்டுகிறாள் என்று நினைப்பேன்.

எத்தனை தடவை சொன்னாலும் ஒன்றை மட்டும் அவள் சொல்வதில்லை. ‘யாருக்கு?’ என்று கேட்கவில்லை என்பதை. அத்தனை வருடமாகக் கோபத்திலும் கேட்டவள், காய்ச்சலில் படுத்துக்கொண்டும் கேட்டவள், அந்த ஒரு நாள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ‘எனக்கு’ என்றிருப்பேன். நேரத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அதற்கு டாக்டர் பதில் சொல்லிவிட்டார். சாமான் கோச்சி நின்றுபோனது அவளுக்குத் தெரியாதா? என் குரலை அவள் கேட்கவில்லையா? என் சொல்லைப் பாதி வாழ்க்கைக்கு மேல் கிண்டலாகவே கேட்டுப் பழகி, நான் என்ன சொல்கிறேன் என்று கவனிப்பதையே விட்டுவிட்டாளா? இந்தக் கேள்வி எனக்குள் சொத்தைப் பல்லாக இருந்தது. நாக்கு அங்கேயேதான் போகும். ஆனால் வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் கவனிக்கவில்லை என்று அவள் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு இந்த வீட்டில் எப்படி இருப்பது?

அந்தச் சொல் வீட்டை விட்டே போய்விட்டது. கம்பி ஓடும், கை விழும், கோச்சி போகும். இரண்டு பேரும் கேட்காத மாதிரி இருப்போம். பேச்சு எனக்கு முக்கால்வாசி திரும்பிவிட்டது. ‘ழ’ மட்டும் சரியாக வராது. முன்னாலும் வராது, அதை நோயின் தலையில் கட்ட முடியாது. கை திரும்பவில்லை. மகள் ஒரு ரப்பர் பந்து அனுப்பினாள், அமுக்கிப் பழகச் சொல்லி. அது அலுமாரியில் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இந்த முறை பெய்த மழையில் மண் சரிந்து கோச்சிப் பாதை மூடிக்கொண்டது. வாரக் கணக்கில் கோச்சி இல்லை. கை நீட்டியபடியே நின்றது. கம்பி ஓடாததால் புல் அதன் மேல் படர்ந்தது. மழை விட்ட பிறகு ஒரு நாள் காலை, கொல்லையில் வெயிலில் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, மனைவி என் கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தினமும் தேய்ப்பாள். அவள் கை என் முழங்கையிலிருந்து விரலுக்கு இறங்குவதை நான் பார்ப்பேன். பார்த்தால்தான் தெரியும்.

புல் அசைந்தது. படர்ந்திருந்த கொடியை அறுத்துக்கொண்டு கம்பி ஓடியது. மேலே கை விழுந்தது. அவள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

வந்தது ஒரு எஞ்சினும், சல்லிக்கல் ஏற்றிய திறந்த வாகன்களும், கடைசியில் கார்ட் பெட்டியும். சரிந்த இடத்துக்குக் கல் கொண்டுபோகிறார்கள். கணக்குப் பார்த்தால் அதுவும் சாமான் கோச்சிதான். மெதுவாக வளைவில் திரும்பி, எங்கள் வேலியைக் கடந்து, ஸ்டேஷன் பக்கம் போனது. கார்ட் எங்களைப் பார்க்கவில்லை. அவள் எழுந்து அலுமாரிக்குப் போகவில்லை. நானும் கேட்கவில்லை. கை மறுபடி மேலே போய் நேராக நின்றது.

அப்போது எப்படியோ கேட்டுவிட்டேன்.

“அன்னைக்கு ஏன் யாருக்குன்னு கேக்கல?”

அவளுக்கு எந்த அன்றைக்கு என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“அந்தக் கோச்சி நின்னுபோச்சுன்னு ஒனக்குத் தெரியுமில்ல?” என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

“தெரியும்.”

“பொறகு?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “ஒங்க கொரலு கொளறுச்சு. அழுவுற மாதிரி இருந்துச்சு. எத்தன வருசம் கழிச்சு வருது, மனுசனுக்குச் சந்தோசத்துல பேச்சு வரலைன்னு நெனச்சேன். அந்த நேரத்துல போயி யாருக்குன்னு கேலி பேசக் கூடாதுன்னு தோணுச்சு. ஒரு தடவையாவது நாமளே எடுத்துக் குடுப்போம்னுதான் ஓடியாந்தேன்.”

அவள் மறுபடி என் கையை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலும் வராதது, மகள் அழுதபோதும் வராதது. இடது கன்னத்தில் கண்ணீர் இறங்கியது எனக்குத் தெரிந்தது. வலது கன்னத்தில் இறங்கியது, அவள் எண்ணெய்க் கையோடு அதைத் துடைக்க வந்தபோதுதான் தெரிந்தது.